முதல் கியர் வண்டி: கிளாசிக்கா, டியூக்கா, அப்பாவின் ஸ்ப்ளெண்டரா?

கேள்வி: அண்ணா, எனக்கு 24 வயது. பல்லடத்தில் வீடு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. காலேஜ் முதல் வருஷத்திலிருந்து ஸ்கூட்டி ஓட்டுகிறேன். கியர் வண்டி ஓட்டியதே இல்லை, லைசென்ஸும் கியர் இல்லாத வண்டிக்குத்தான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மேல் ரொம்ப நாளாக ஆசை. அண்ணன், எடுத்தால் கேடிஎம் டியூக் 200 எடு என்கிறான். அப்பா, வீட்டில் நிற்கும் பழைய ஸ்ப்ளெண்டரே போதும் என்கிறார். ஆபீசில் ஒருவர் 2019 மாடல் பல்சர் 150-ஐ 60 ஆயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது, மேலே வேண்டுமென்றால் லோன் போடலாம். உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 52 கிலோ. தினமும் போக வர 30 கி.மீ. என்றைக்காவது வால்பாறைக்கு நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எந்த வண்டி எடுக்கட்டும்? (பல்லடம் வாசகி)

பதில்:

தங்கச்சி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் கற்றுக்கொள்ளுங்கள். சொந்தமாக எடுப்பது ஏபிஎஸ் (பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) உள்ள 150 அல்லது 160 சிசி வண்டியாக இருக்கட்டும். கிளாசிக்கை ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தள்ளிப் போடுங்கள், அந்த ஆசையை விடச் சொல்லவில்லை. டியூக் 200 இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் மனசில் பதியாமல் ஷோரூமுக்குப் போனால் அங்கே நிற்கும் வண்டியின் கலரைப் பார்த்ததும் முடிவு மாறிவிடும்.

பட்டறைக்கு வந்து எந்த வண்டி எடுக்கலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் சிசி எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, இதுவரை என்ன ஓட்டினீர்கள் என்று. உங்கள் விஷயத்தில் அந்தப் பதில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கின்றன, இடது கை பின் சக்கரத்துக்கு, வலது கை முன் சக்கரத்துக்கு. இத்தனை வருஷம் ஓட்டியதில் குறுக்கே ஒரு நாய் ஓடினால் நீங்கள் யோசிப்பதற்கு முன்பே இரண்டு கையும் சேர்ந்து இறுகும். கியர் வண்டியில் இடது கையில் இருப்பது கிளட்ச். பின் பிரேக் வலது காலுக்குப் போய்விட்டது. அதே நாய் குறுக்கே வரும்போது பழைய பழக்கத்தில் இரண்டு கையையும் இறுக்கினால், இடது கை கிளட்சைப் பிடித்து இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்துவிடும், இன்ஜின் கொடுக்கும் தடையும் இல்லாமல் வண்டி உருளும், வலது கை முன் பிரேக்கை முழுசாகக் கவ்விவிடும், வலது கால் தன் வேலை என்னவென்று தெரியாமல் சும்மா இருக்கும். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஹேண்டிலைத் திருப்பிப் பிரயோஜனம் இல்லை, வண்டி படுத்துவிடும். மணல் கிடக்கும் ரோட்டில், முதல் மழை பெய்த ஈரத்தில், இது நடக்க 30 கி.மீ. வேகமே போதும்.

ஸ்கூட்டியிலிருந்து மாறுகிறவர்களுக்கு முன் சக்கரத்தில் ஏபிஎஸ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். முழு பலத்தோடு பிடித்தாலும் அது சக்கரத்தைப் பூட்ட விடாது, நொடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும், நீங்கள் ஹேண்டிலைத் திருப்ப முடியும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. 125 வரை சிபிஎஸ் இருந்தால் போதும் என்று வைத்தார்கள், அதாவது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இன்னொரு சக்கரத்துக்கும் கொஞ்சம் போகும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கியர் வண்டியில் அந்த சிபிஎஸ் வேலை செய்வது கால் பிரேக்கை மிதித்தால். உங்கள் கால் இன்னும் பிரேக் பழகாத கால். ஆக, உங்களுக்கு அது பெரிதாகக் கைகொடுக்காது. ஏபிஎஸ்ஸோடு வரும் 125-களும் இருக்கின்றன, ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் போல, அவற்றையும் பார்க்கலாம். ஆனால் வால்பாறையையும் நீங்கள் தினமும் போகும் ரோட்டையும் வைத்துப் பார்த்தால் 150 பக்கம் போவது நல்லது என்பது என் எண்ணம்.

அப்பா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. ஸ்ப்ளெண்டர் 97 சிசி, 8 குதிரைத் திறன், எடை 112 கிலோ சுமார். கிளட்ச் என்றால் என்ன என்று உங்கள் இடது கைக்குச் சொல்லிக் கொடுக்க அதைவிடப் பொறுமையான வண்டி கிடையாது. ஆனால் அதை ஓட்டிக்கொண்டு தினமும் திருப்பூர் ரோட்டில் லாரிக்கும் கம்பெனி வேனுக்கும் நடுவே போக வேண்டும் என்றால், ஓவர்டேக் பண்ண வேண்டிய இடத்தில் கையிருப்பாக ஒன்றும் இருக்காது, ஏபிஎஸ்ஸும் கிடையாது. கற்றுக்கொள்ள அது, ஓட்ட வேறு. இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்னால் மிதித்தால் விழும். நீங்கள் அடுத்து எடுக்கப்போகும் ஐந்து கியர் வண்டியில் முதல் கியர் மட்டும் கீழே, மற்ற நாலும் மேலே தூக்க வேண்டும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு மாறினால் ஒரு வாரத்தில் கால் பழகிவிடும். தெரியாமல் மாறினால் மூன்றாவதில் போகும்போது மேலே போடுவதாக நினைத்து கீழே மிதித்துவிடுவீர்கள், பின் சக்கரம் ஒரு நொடி கிறீச்சென்று இழுக்கும், பயந்துபோவீர்கள்.

எப்படிப் பழகுவது என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான மைதானம் ஒன்று போதும். முதல் நாள் ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம். முதல் கியர் போட்டு, கிளட்சை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விட்டு, வண்டி நகர நினைக்கும் இடம் எது என்று கண்டுபிடியுங்கள். நகர்ந்ததும் மறுபடி பிடித்து நிறுத்துங்கள். சலிக்கும் அளவுக்கு இதையே செய்யுங்கள், ஏனென்றால் டிராஃபிக்கில் ஊர்வதும், ஏற்றத்தில் பின்னால் போகாமல் கிளம்புவதும், எட்டு போடுவதும் எல்லாம் இந்த ஓர் இடத்தைக் கை கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. அப்புறம் பிரேக். 20 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்து, வலது காலும் வலது கையும் சேர்ந்து பிடிப்பதைப் பழகுங்கள். முன் பிரேக்கைக் கவ்வக் கூடாது, பிழிய வேண்டும், மெதுவாகத் தொடங்கி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி தூக்கி அடித்துவிடும் என்று நம் ஊரில் பாதிப் பேர் பின் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு திரிகிறார்கள். அது ரொம்பத் தப்பு. பிரேக் பிடிக்கும்போது எடை எல்லாம் முன் சக்கரத்துக்குப் போகிறது, நிற்கும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இடது கையோ, வண்டி நிற்கப்போகும் கடைசி நேரத்தில் மட்டும் கிளட்சைப் பிடித்தால் போதும். அந்தக் கையை அடக்கி வைப்பதுதான் உங்கள் முதல் மாதத்து வேலை.

லைசென்ஸ் விஷயம் சீக்கிரம் முடித்துவிடலாம். கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்டுவது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம், அபராதம் 5,000 ரூபாய், விபத்து என்று ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கல். கியர் வண்டிப் பிரிவைச் சேர்க்க எல்எல்ஆர் போடுங்கள், அது ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். எல்எல்ஆரில் ஓட்டும்போது வெள்ளையில் சிவப்பு எல் ஒட்ட வேண்டும், பின்னால் லைசென்ஸ் உள்ள, சொல்லிக் கொடுக்கும் ஆள் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. அந்த 30 நாளும் ஸ்ப்ளெண்டரோடு போகட்டும். டெஸ்ட் முடிந்த பிறகு ஷோரூமுக்குப் போங்கள், அப்போதுதான் டெஸ்ட் ரைடும் முறையாகக் கேட்டு வாங்க முடியும்.

இப்போது கிளாசிக். அது நல்ல வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 349 சிசி, 20 குதிரைத் திறன், 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்கும் பலம், அது இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதே கிடைத்துவிடும். அதனால் கிளட்சைக் கொஞ்சம் தப்பாக விட்டாலும் சட்டென்று ஆஃப் ஆகாது, லேசாக முறுக்கினால் பாயவும் பாயாது. வேகத்தை வைத்துப் பார்த்தால் புதியவருக்கு ஆபத்தான வண்டி இல்லை. சிக்கல் அதன் 195 கிலோ. உங்கள் எடையைப் போல் நாலு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஓடும்போது அந்த எடை தெரியாது, சொல்லப்போனால் சுகமாகவே இருக்கும். தெரிவதெல்லாம் நடை வேகத்துக்குக் கீழே வரும்போது. பழகாதவர்கள் வண்டியைக் கீழே போடும் இடங்களைப் பாருங்கள்: யூ-டர்ன், பெட்ரோல் பங்க், கம்பெனி பார்க்கிங், வீட்டு வாசல் சரிவு, சிக்னலில் கால் ஊன்றும் இடத்தில் ஒரு குழி, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டுவிடுவது. இதிலெல்லாம் வண்டி ஒரு பக்கம் சாய ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் 135 கிலோ வண்டியை ஒரு காலை ஊன்றித் தாங்கிவிடலாம், 195 கிலோவைத் தாங்க முடியாது, தாங்க முயற்சி செய்யவும் கூடாது, முட்டி போய்விடும். கீழே விழுந்ததைத் தூக்க வழியில் போகிற யாராவது வர வேண்டும்.

நீங்கள் பெண் என்பதால் இதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இதே உயரம், இதே எடை, இதே ஸ்கூட்டிப் பழக்கத்தோடு ஒரு தம்பி வந்து கேட்டாலும் இதேதான் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். புல்லட்டை அனாயாசமாக ஓட்டும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பலத்தால் ஓட்டுவதில்லை, சமநிலையாலும் கிளட்ச் கட்டுப்பாட்டாலும் ஓட்டுகிறார்கள். அந்த இரண்டும் வேண்டும் என்றால் தப்புப் பண்ணிப் பண்ணித்தான் வரும், தப்புப் பண்ணினால் பொறுத்துக்கொள்ளும் வண்டியில்தான் அதைப் பண்ண வேண்டும். கனமான வண்டியை முதலில் எடுத்து, இரண்டு தடவை கீழே போட்டு, மூன்றாவது மாதம் கவரைப் போட்டு மூடி வைத்துவிட்டு மறுபடி ஸ்கூட்டிக்கே போய்விட்டவர்களை எனக்குத் தெரியும். பேட்டரி இறங்கிப் போய் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த வண்டிமேல் அவர்கள் வைத்திருந்த ஆசை என்ன ஆனது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உங்களுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

டியூக் 200-ல் பிரச்சினை வேறு மாதிரி. எடை 160 கிலோவை ஒட்டி, அது பரவாயில்லை. 199.5 சிசியில் 25 குதிரைத் திறன், ஆனால் அது முழுசாக வருவது 10,000 ஆர்பிஎம் பக்கம். குறைந்த ஆர்பிஎம்மில் விக்கும், இழுக்காது, அதனால் புதியவர் இன்னும் கொஞ்சம் முறுக்குவார், நடுவில் சட்டென்று இழுக்கத் தொடங்கும். இழுத்ததும் உடம்பு பின்னால் சாயும், சாயும்போது பிடிமானத்துக்காக வலது கை ஹேண்டிலை இறுக்கும், இறுக்கும்போது மணிக்கட்டு தானாகவே இன்னும் முறுக்கிவிடும். இப்படி நிறுத்த முடியாமல் சுவரில் போய் மோதிய வண்டிகள் ஒவ்வொரு பட்டறையிலும் நின்றிருக்கும். சீட்டும் 820 மி.மீ. பக்கம், உங்களுக்கு இரண்டு பக்கமும் பெருவிரல் நுனிதான் எட்டும். உங்கள் அண்ணனுக்கு அது பிடித்திருக்கிறது என்றால் அவர் எடுத்துக்கொள்ளட்டும், அவருக்கு ஏற்கெனவே கை பழகியிருக்கும்.

சீட் உயரம் என்றதும் ஒரு விஷயம். 5 அடி 2 அங்குலம் என்பதை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது, ஒரே உயரம் உள்ள இரண்டு பேருக்குக் கால் நீளம் வேறு வேறு. வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு தடித்த நோட்டை இரண்டு காலுக்கும் நடுவில் மேலே நன்றாக ஏற்றிப் பிடித்து, தரையிலிருந்து அந்த நோட்டின் மேல் விளிம்பு வரை அளந்து பாருங்கள். சீட் உயரம் அந்த அளவைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தாலும், சீட்டின் முன்பகுதி ஒடுக்கமாக இருந்தால், ஷூ போட்டு உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கி இரண்டு முன்னங்காலும் ஊன்றும். அது போதும். குதிகால் வரை முழுப் பாதமும் பதிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அகலமான சீட் என்றால் 790 மி.மீ. கூட உங்களுக்கு உயரமாகத் தெரியும், ஏனென்றால் தொடை விரிந்துபோய்க் கால் நீளம் வீணாகும். அதனால் காகிதத்தில் இருக்கும் எண்ணை நம்பாமல் தினமும் போடும் செருப்போ ஷூவோ அதையே போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்திப் பாருங்கள். சேல்ஸ்மேன் உதவிக்கு வருவார், வேண்டாம் என்று சொல்லுங்கள், நாளைக்குப் பார்க்கிங்கில் அவர் இருக்க மாட்டார்.

சரி, எந்த வண்டி? நான் மூன்றைச் சொல்கிறேன். யமஹா எஃப்இசட்-எஸ், 149 சிசி, 12.4 குதிரைத் திறன், 136 கிலோ அளவு, சீட் 790 மி.மீ. ரொம்பச் சாது. முறுக்கினால் முறுக்கிய அளவுக்குத்தான் போகும், டிராக்‌ஷன் கண்ட்ரோலும் (பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) உண்டு, டயர் அகலம் என்பதால் நம்பிக்கை கொடுக்கும். இரண்டாவது டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160-ன் இரண்டு வால்வு மாடல், அதுவும் 790 மி.மீ.தான், எடையும் ஏறக்குறைய அதே. இது இன்னும் சுறுசுறுப்பு. அதில் எனக்குப் பிடித்தது, கிளட்சை விட்டால் ஆக்ஸிலேட்டர் கொடுக்காமலேயே ஊர்ந்து போகும் வசதி, திருப்பூர் டிராஃபிக்கில் அது பெரிய உதவி. மூன்றாவது ஹோண்டா யூனிகார்ன், 163 சிசி, 140 கிலோ பக்கம், சீட் 798 மி.மீ. பார்க்க அப்பா காலத்து வண்டி மாதிரி இருக்கும், ஆனால் வருஷக்கணக்காகத் தொந்தரவு தராமல் ஓடும். மூன்றிலும் முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் உண்டு. என்னை ஒன்றுதான் சொல்லச் சொன்னால், உங்களுக்கு எஃப்இசட் என்பேன், கால் எட்டினால். எட்டுவது அப்பாச்சிதான் என்றால் யோசிக்காமல் அப்பாச்சி.

பணக் கணக்கிலும் இது பொருந்தி வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, அதனால் இந்த மூன்றும் லோன் இல்லாமலேயே உங்கள் ஒன்றரை லட்சத்தோடு ஒத்துப்போகக் கூடியவை. கிளாசிக்கின் ஆன்ரோடு விலை இரண்டு லட்சத்தைத் தாண்டும், மீதிக்கு வட்டி. புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மொத்தமாகக் கட்ட வேண்டும் இல்லையா, 2022-ல் வந்த கட்டணப்படி 150 சிசி வரை 3,851 ரூபாய், 150-ஐத் தாண்டி 350 வரை 7,365 ரூபாய், வரி தனி. 149 சிசி எஃப்இசட்டுக்கு இதிலேயே பாதி மிச்சம். பில் போடும்போது ஷோரூமில் சேர்த்துவிடும் டெஃப்லான் கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி அது இது எல்லாம் என்ன என்று வரி வரியாகக் கேளுங்கள், வேண்டாததை எடுத்துவிடச் சொல்லுங்கள். கிராஷ் கார்டு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், எப்படியும் ஒரு தடவை நின்ற இடத்தில் சாயும், அப்போது லிவரும் இன்ஜின் பக்கமும் தப்பிக்கும்.

ஆபீஸ் நண்பரின் பல்சரை உடனே ஒதுக்க வேண்டாம், பழைய வண்டியில் கற்றுக்கொள்வது நல்ல யோசனைதான். ஆனால் 2019 என்று சொன்னதும் எனக்கு வரும் முதல் கேள்வி, 2019-ல் எந்த மாதம்? ஏப்ரலுக்கு முன்னால் தயாரானது என்றால் ஏபிஎஸ் இல்லாமல் இருக்கலாம். முன் சக்கரத்து டிஸ்க் பக்கம் குனிந்து பாருங்கள், டிஸ்க்குக்கு உள்ளே பல் பல்லாக வெட்டிய ஒரு சின்ன வளையம் இருந்தால் ஏபிஎஸ் உண்டு. சாவி போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் லைட் எரிந்து, வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு, எரியவே இல்லை என்றால் யாரோ லைட்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டி என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

ஏபிஎஸ் இருந்தால் மேலே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினால் நடுவில் எங்காவது பிடித்து நிற்கக் கூடாது, நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போயிருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கம்பியில் எண்ணெய்க் கசிவு பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்த டயர், அப்படியென்றால் தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான், அந்தச் செலவை விலையில் குறையுங்கள். இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், நீங்கள் போவதற்கு முன்னாலேயே சூடு பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, வண்டிமேல் லோன் பதிவு இருக்கிறதா, அபராதச் சலான் உண்டா எல்லாம் தெரியும். லோன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், ஃபார்ம் 35-ம் ஃபைனான்ஸ்காரரின் கடிதமும் கொடுத்து உங்கள் ஆபீஸ் நண்பர் அந்தப் பெயரை நீக்கிய பிறகுதான் பணம். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. கூட வேலை பார்க்கிறவர்தானே, மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விலையைப் பற்றி ஒரு வார்த்தை: ஜிஎஸ்டி குறைந்து புது வண்டி விலையே இறங்கியிருக்கிறது, அவர் பழைய கணக்கில் 60 சொல்கிறாரா என்று பாருங்கள். இத்தனை வருஷம் ஓடிய வண்டிக்கு அது எனக்குக் கூடுதலாகத்தான் படுகிறது.

வண்டிக்கு ஒன்றரை லட்சமும் போட்டுவிடாமல் ஏழெட்டாயிரம் தனியாக எடுத்து வையுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, தாடையையும் மூடும் முழு ஹெல்மெட், இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்துக்குள் நல்லதாகவே கிடைக்கும். போட்டு ஸ்ட்ராப்பை மாட்டித் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது, கன்னம் இரண்டும் லேசாக அமுங்க வேண்டும். கையுறை, கணுக்காலை மூடும் ஷூ. விழும்போது எல்லோரும் முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். அப்புறம் துப்பட்டா. ஸ்கூட்டியில் செயின் கிடையாது, கியர் வண்டியில் செயின் வெளியே ஓடுகிறது, பல வண்டிகளில் மேல்பாதிக்கு மட்டும்தான் மூடி. துப்பட்டாவை முன்னால் குறுக்கே கட்டி முடிச்சை இடுப்பில் செருகுங்கள், அல்லது மேலே ஒரு ஜாக்கெட் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். அம்மாவைப் பின்னால் உட்கார வைக்கும் நாளும் வரும், அதனால் சேலை கார்டை அழகு கெடுகிறது என்று கழற்றிவிடாதீர்கள், அது சட்டப்படியே இருக்க வேண்டிய பொருள்.

நீங்கள் இருக்கும் இடத்துக்கே உரிய இன்னொரு விஷயம் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டார்கள். லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் பக்கக் காற்று தள்ளும்போது 136 கிலோ வண்டி கிளாசிக்கைவிடக் கூடுதலாக ஆடும், அதை மறைக்க மாட்டேன். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், கை தளர்வாக இருக்கட்டும், முட்டியால் டேங்கைக் கவ்விக்கொள்ளுங்கள், வேகத்தை 50-க்குக் கீழே கொண்டுவாருங்கள், லேன் நடுவில் போங்கள், ஓரத்தில் வேண்டாம்.

வால்பாறை பற்றிக் கேட்டதுதான் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு, 150 சிசி வண்டி தாராளமாக ஏறும், அதற்கு 350 வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் தினசரி ஓட்டத்தில் மூவாயிரம் கி.மீ.யாவது கடந்த பிறகு போங்கள், முதல் தடவை தனியாக வேண்டாம், பின்னால் ஆளும் வேண்டாம், மழை இல்லாத மாதமாகப் பாருங்கள், காலையில் ஏறி மாலை இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், யானை நடமாட்டம் உள்ள காடு அது. ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம். ஸ்கூட்டியில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் இறங்க முடியும், கியர் வண்டியில் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், வளைவுகளில் இரண்டாவது. கிளட்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலிலோ உருளவே கூடாது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து கியரை மாற்றி முடித்துவிட்டு, வளைவுக்குள் போகும்போது கண் வளைவின் முடிவைப் பார்க்கட்டும், முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். பார்க்கும் பக்கம்தான் வண்டி போகும். எதிரே பஸ் ஏறி வந்தால் ஓரமாக நின்று வழி விட்டுவிடுங்கள், மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை.

கடைசியாக, எடுக்கும்போதே பெரிதாக எடுத்துவிடு, இல்லையென்றால் ஒரு வருஷத்தில் மாற்றத் தோன்றும் என்று அண்ணன் சொல்வார். தோன்றட்டும், மாற்றுங்கள். இந்த மூன்று வண்டிக்கும் நம் பக்கம் பழைய வண்டிச் சந்தையில் எப்போதும் ஆள் உண்டு, கீறல் இல்லாமல் சர்வீஸ் பில்லோடு வைத்திருந்தால் பெரிய நஷ்டம் வராது. அப்போது கிளாசிக்கோடு நிற்காமல் ஹண்டர் 350-ஐயும் மீட்டியோர் 350-ஐயும் ஓட்டிப் பாருங்கள், முதலாவது 181 கிலோ, இரண்டாவதின் சீட் 765 மி.மீ.தான், உங்கள் காலுக்கு நன்றாகவே எட்டும். இந்த வாரம் எல்எல்ஆருக்கு விண்ணப்பியுங்கள், ஸ்ப்ளெண்டரின் கிளட்ச் கேபிளையும் பிரேக் ஷூவையும் பழகத் தொடங்கும் முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள், ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் டயரையும் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்ட் பாஸான பிறகு மூன்று வண்டியையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள், அப்போதும் எது என்று குழப்பம் இருந்தால் உங்கள் கால் அளவையும் எழுதி அனுப்புங்கள், சொல்கிறேன்.